உடைந்த தக்காளியும் பூசணம் பிடித்த தக்காளியும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"பழைய நினைவுகளைப் பேச நிறையப் பேர் இருக்காங்க. நீங்க வீட்டுக்குப் போய் உபயோகப்படுற மாதிரி ஒரு விஷயம் பேசுங்க, பசங்களுக்கு பிராஜெக்டுக்கும் உதவணும்" என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். வீட்டுக்கும் உபயோகம், பிராஜெக்டுக்கும் உபயோகம் என்றால் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். நாம் தினமும் கூடையில் வாங்கி வரும் தக்காளி.

தக்காளி நம் நாட்டுப் பயிர் அல்ல. தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் காட்டுச் செடியாகப் பிறந்து, மெக்சிகோவில் தோட்டப் பயிராகி, கடல் கடந்து வந்தது. அதனால்தான் நம் பெரியவர்கள் அதைச் சீமைத் தக்காளி என்றார்கள். இன்றைக்கு அது இல்லாமல் ரசம் உண்டா, சட்னி உண்டா? உலகத்தில் சீனாவுக்கு அடுத்து அதிகமாகத் தக்காளி விளைவிப்பது இந்தியாதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன். ஒட்டன்சத்திரம், பாலக்கோடு, ராயக்கோட்டை என்று நம் பக்கத்துச் சந்தைகளையும், கோலார், மதனப்பள்ளி என்று அக்கம்பக்கத்து மாநிலச் சந்தைகளையும் நம்பித்தான் நம் அடுப்பு எரிகிறது.

இவ்வளவு விளைந்தும் எவ்வளவு வாய்க்கு வருகிறது? லூதியானாவில் உள்ள அறுவடைக்குப் பிந்தைய பொறியியல் ஆய்வு நிறுவனம் 2015-இல் வெளியிட்ட நாடளாவிய கணக்கில் தக்காளியின் இழப்பு 12 விழுக்காட்டிற்குச் சற்று மேல். அதாவது எட்டுப் பழத்தில் ஒன்று போய்விடுகிறது. நசுங்குவது, வெடிப்பது, வதங்குவது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஆனால் நசுங்கியதையும் வெடித்ததையும் கடைசியில் குப்பைக்கு அனுப்புவது பெரும்பாலும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான்.

பழம் எப்படிக் கெடுகிறது என்று முதலில் பார்ப்போம். தக்காளியின் தோலில் இலைத்துளைகள் கிடையாது. வழவழப்பான மெழுகுப் பூச்சு போட்ட தோல் அது. பழம் மூச்சு விடுவது பெரும்பகுதியும் காம்பைக் கிள்ளிய அந்தச் சின்ன வடு வழியாகத்தான். அதுவே பூஞ்சைக்கும் வாசல். காயாக இருக்கும்போது டொமாட்டின் என்று ஒரு வேதிப்பொருள் அதில் இருக்கிறது. பூஞ்சைகளுக்கு அது விஷம். பழுக்கப் பழுக்க அது குறைந்துவிடுகிறது. கூடவே பழத்தின் சொந்த நொதிகள் செல் சுவரின் பெக்டினைக் கரைத்துப் பழத்தை மெதுவாக்குகின்றன. நமக்குச் சுவையாவதும் பூஞ்சைக்கு வசதியாவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

இந்த மெதுவாகும் வேலையை மட்டும் நிறுத்திவிட்டால் போதுமே என்று அமெரிக்காவில் யோசித்தார்கள். 1994-இல் பிளேவர் சேவர் என்ற மரபணு மாற்றுத் தக்காளி அங்கே விற்பனைக்கு வந்தது. பெக்டினை உடைக்கும் ஒரு நொதியை அடக்கி வைத்திருந்தார்கள். ஆனால் சில ஆண்டுகளிலேயே அது கடையிலிருந்து மறைந்துவிட்டது. பழம் மெதுவாவது ஒரு நொதியின் வேலை மட்டும் இல்லை என்பது அதில் கிடைத்த பாடங்களில் ஒன்று.

இனி வரும் விருந்தாளிகளை அறிமுகப்படுத்துகிறேன். தாவரவியல் படித்தவர்களுக்கு எல்லோரும் பழைய சிநேகிதர்கள்தான்.

முதலில் ரைசோபஸ். முதலாண்டில் ஈர ரொட்டித் துண்டை மணிச்சாடிக்குள் மூடி வைத்து வளர்த்தோமே, அதே ஆள். வெள்ளைப் பஞ்சு போலப் படர்ந்து மேலே கறுப்புப் புள்ளிகளாக வித்துப்பைகள் தெரியும். முழுத் தோலைத் துளைக்க இதற்குத் திராணி இல்லை, காயம் வேண்டும். ஆனால் ஒரு பழத்தில் ஏறிவிட்டால் தொட்டுக்கொண்டிருக்கும் அடுத்த பழத்துக்கும் நூலை நீட்டிவிடும். பெட்டியின் நடுவில் நாலைந்து பழம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தண்ணீர் விட்டுக் கிடந்தால் இதன் வேலை என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஆல்ட்டர்னேரியா. வெயிலில் வெந்த இடம், வெடிப்பு, காம்பு வடு, பூ முனை அழுகிய இடம் இவற்றில் உட்காரும். குழி விழுந்த கறுப்புத் திட்டாகத் தெரியும். பூ முனை அழுகல் என்பது பூஞ்சை நோயே அல்ல, சுண்ணாம்புச் சத்து பழத்துக்குப் போய்ச் சேராத குறை. குறை செடியினுடையது, அதைப் பயன்படுத்திக்கொள்வது பூஞ்சை.

மூன்றாவது ஜியோட்ரைக்கம். புளித்த வாடை வரும், பழம் நீர்த்துப் போகும். பழத்தைச் சுற்றும் சின்ன ஈக்கள் இதை ஒரு பழத்திலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்துபோகும். நான்காவது கொலட்டோட்ரைக்கம். இது ரொம்பப் பொறுமைசாலி. பச்சைக் காயிலேயே நுழைந்து சத்தமில்லாமல் படுத்திருந்து, பழுத்த பிறகுதான் வட்ட வட்டமாகக் குழியைக் காட்டும். "வாங்கும்போது நல்லாத்தாங்க இருந்துச்சு" என்று நாம் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது இதனால்தான். பாவம், அவருக்கும் தெரிந்திருக்காது. இவர்களைத் தவிர அஸ்பெர்ஜில்லஸ், பென்சிலியம், பியூசேரியம் முதலியோரும் உண்டு. மழைக்காலத்தில் வயலிலிருந்தே வரும் பைட்டோப்தோராவைப் பூஞ்சை என்றே எழுதிவருகிறோம். உண்மையில் அது வேறு குலத்தைச் சேர்ந்தது. மாணவர்கள் தேர்வில் கவனமாக எழுதவும்.

இவர்களுக்கு வழி திறந்து விடுவது யார்? நாம்தான். பனி காயுமுன் பறித்து ஈரத்தோடு அடைப்பது, கூடை நிறைய அமுக்கி அடிப் பழத்தை நசுக்குவது, 14 கிலோ பெட்டியை லாரியில் வீசுவது, வெயிலில் சூடேறிய பழத்தைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கிக் கழுவுவது. கடைசியாகச் சொன்னது பலருக்கும் தெரியாத விஷயம். சூடான பழம் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்தச் சுருக்கம் வெளித் தண்ணீரைக் காம்பு வடு வழியாக உள்ளே இழுக்கும். தண்ணீரோடு அதில் மிதக்கும் கிருமியும் உள்ளே போய்விடும். அதனால்தான் பெரிய பண்ணைகளில் கழுவும் நீரைப் பழத்தைவிடச் சுமார் 5 டிகிரி அதிகச் சூட்டில் வைத்து, குளோரினும் அளவாகச் சேர்க்கச் சொல்கிறார்கள். நம் வீட்டுக்கு இதன் பொருள் எளிது. வாங்கி வந்ததும் கழுவி ஈரத்தோடு குவிக்க வேண்டாம். சமைக்கும் முன் கழுவினால் போதும்.

இன்னொன்று, அடிபட்ட பழமும் பூஞ்சை பிடித்த பழமும் எத்திலீன் வாயுவை அதிகம் விடும். பக்கத்துப் பழங்களை அது அவசர அவசரமாகப் பழுக்க வைக்கும். ஒன்று கெட்டால் கூடையே கெடும் என்று நம் பாட்டிமார் சொன்னது வேதியியல் உண்மை.

அடுத்தது சத்துக் கணக்கு. நூறு கிராம் தக்காளியில் 94 கிராம் போலத் தண்ணீர்தான். வைட்டமின் சி ரகத்தையும் பருவத்தையும் பொறுத்து ஏறக்குறைய 13 முதல் 27 மில்லிகிராம் வரை. பொட்டாசியம் இருநூறு மில்லிகிராமுக்கு மேல். சிவப்பு நிறம் தரும் லைக்கோப்பீன் இரண்டரை மில்லிகிராம் போல. இதில் கவனிக்க வேண்டியது எது எங்கே இருக்கிறது என்பதுதான். வைட்டமின் சி-யில் கணிசமான பகுதி விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பில் இருக்கிறது. லைக்கோப்பீன் தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும் அதிகம். ஆகவே நசுங்கிய பழத்திலிருந்து பெட்டியின் அடியில் ஒழுகிப் போவது வெறும் தண்ணி இல்லைங்க, வைட்டமினும் சேர்ந்துதான் ஒழுகுகிறது.

பூஞ்சை வந்தால் என்ன ஆகும்? அதற்கும் சர்க்கரை வேண்டும். நமக்கு முன்னால் அது சாப்பிட்டுவிடுகிறது. செல்கள் உடைந்து காற்றுப் பட்டதும் வைட்டமின் சி வேகமாக அழிகிறது. புளிப்பு அமிலமும் குறைகிறது. நல்ல தக்காளியின் பி.எச். அளவு பெரும்பாலும் 4.6-க்குக் கீழே இருக்கும். அந்தப் புளிப்புத்தான் ஊறுகாயையும் தொக்கையும் காப்பாற்றுகிறது. பூஞ்சை பிடித்த பழத்தில் அந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. அந்த எல்லைக்கு மேலே போனால், மூடிய பாட்டிலுக்குள் கொடிய நச்சுக் கிருமியான கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் வளரவும் இடம் கிடைத்துவிடும். ஆகையால் நாள்பட வைக்கும் பண்டத்துக்கு நல்ல பழம்தான் வேண்டும். "கெட்டுப் போற பழத்தைத் தொக்குப் போட்டுடலாம்" என்பது தலைகீழான சிக்கனம்.

இதைவிடப் பெரிய சங்கதி நஞ்சு. ஆல்ட்டர்னேரியா தான் வளரும் இடத்தில் ஆல்ட்டர்னேரியால், டெனுவாசோனிக் அமிலம் முதலிய நச்சுப் பொருள்களை விடுகிறது. சாதாரணமாகக் கொதிக்க வைத்தால் இவை முழுதாக ஒழிந்துவிடுவதில்லை. ஒரு நாள் ஒரு பழம் தின்றால் விழுந்துவிடுவோம் என்று உங்களைப் பயமுறுத்த நான் வரவில்லை. கவலையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, வருஷக் கணக்கில் உள்ளே போவதைப் பற்றித்தான். 2022-இல் ஐரோப்பிய ஆணையம் தக்காளிப் பதனப் பொருள்களில் ஆல்ட்டர்னேரியால் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் தெரிந்தால் காரணத்தை ஆராய வேண்டும் என்று வழிகாட்டியிருக்கிறது. 10 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் லட்சத்தில் ஒரு பங்கு.

அழுகிய பழத்தை அரைத்து மறைத்துவிடலாம் என்ற யோசனை ரொம்பப் பழையது. கண்ணுக்கு மறைந்தாலும் மைக்ராஸ்கோப்புக்கு மறையாது. 1911-இல் அமெரிக்க வேளாண் துறையின் பி. ஜே. ஹோவர்ட் ஒரு முறையைக் கொண்டுவந்தார். கெட்சப்பைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, எத்தனை பார்வைப் புலங்களில் பூஞ்சை இழை தெரிகிறது என்று எண்ணும் முறை. அழுகிய பழம் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அந்த எண்ணிக்கை சாட்சி. நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டுப் பழப் பொருள்கள் ஆணையும் பூஞ்சைக் கணக்குக்கு வரம்பு வகுத்தது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் கல்லூரி மைக்ராஸ்கோப்பில் செய்து பார்க்கக்கூடிய சோதனை அது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டிய நிலை வந்தது. விலை அப்படி ஏறினால் அழுகின பழத்தைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? "அந்தப் பக்கத்த மட்டும் வெட்டிப் போட்டுட்டு மிச்சத்தப் போடும்மா" என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்வோம். விலை இறங்கினாலும் மார்க்கெட்டில் சாயந்திரம் கூறு கட்டி விற்கும் தக்காளியை நம்பிக் குழம்பு வைக்கிற குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களிடம் போய் "கெட்டதை வாங்காதீர்கள்" என்று மேடையிலிருந்து புத்தி சொல்வது எளிது. வாங்காவிட்டால் அவர்கள் தட்டில் தக்காளியே இல்லை. அந்தக் கொஞ்ச வைட்டமினும் இல்லை.

ஆகவே நான் சொல்வது இது. உடைந்தது வேறு, பூசணம் பிடித்தது வேறு. இந்த இரண்டையும் ஒரே கூறில் போடுவதுதான் தப்பு.

அன்றைக்கு வெடித்தது, லாரியில் நசுங்கியது, தோல் கிழிந்தது, கோணல் மாணலானது, வதங்கியது, இவற்றில் பூசணமோ புளித்த வாடையோ இல்லையென்றால் தாராளமாக வாங்கலாம். சத்தில் கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. தக்காளியை எண்ணெய் விட்டு வதக்கினால் லைக்கோப்பீன் நம் உடம்பில் சேர்வது பச்சையாகத் தின்பதைவிட அதிகம். வைட்டமின் சி கொஞ்சம் போகும், லைக்கோப்பீன் கொஞ்சம் கூடும். நம் ஊர்த் தாளிப்பு ஒன்றும் விவரமில்லாத சமையல் அல்ல.

பஞ்சு போலப் படர்ந்தது, கறுப்புக் குழி விழுந்தது, தொட்டால் அமுங்கித் தண்ணீர் விடுவது, புளித்து நாறுவது, இவை எந்த விலைக்கும் வேண்டாம். வெட்டிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். கேரட், முட்டைக்கோசு போன்ற கெட்டியான காய் என்றால் பூசணத்தைச் சுற்றி ஒரு அங்குலம் ஆழமாக வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம் என்று அமெரிக்க வேளாண் துறையே சொல்கிறது. தக்காளி போன்ற நீர்ப்பாங்கான பழத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. கண்ணுக்குத் தெரிவது பூஞ்சையின் வித்து. இழை உள்ளே எங்கே வரை போயிருக்கிறது என்று கத்திக்குத் தெரியாது. நச்சும் அந்தச் சாற்றில் ஊறிப் பரவும்.

வியாபாரம் செய்யும் நம் பழைய மாணவர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். காலையில் பெட்டி பிரித்த உடனேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். நல்லது ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம், பூசணம் பிடித்தது உரக்குழிக்கு. உடைந்ததைச் சாயந்திரம் வரை வைத்திருந்து கூறு கட்டாமல் மத்தியானத்துக்குள் பாதி விலைக்கு விட்டால் வாங்குபவருக்கும் நல்லது, மிச்சப் பழமும் பிழைக்கும். இதற்கு இயந்திரம் வேண்டாம், கடன் வேண்டாம். ஒரு ஆள் அரைமணி நேரம் உட்கார வேண்டும்.

பிரிட்ஜ் பற்றி ஒரு வார்த்தை. செங்காயைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள். சுமார் 12 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் அது குளிர்க் காயம் பட்டு, வெளியே எடுத்ததும் சரியாகப் பழுக்காமல் ஆல்ட்டர்னேரியாவுக்கு இரையாகும். நன்றாகப் பழுத்ததை நாலைந்து நாள் வைக்கலாம், மணம் மட்டும் குறையும். அது வெறும் நாக்குப் பிரமை அல்ல. குளிரில் மணம் தரும் மரபணுக்களின் வேலை தடைப்படுகிறது என்று 2016-இல் புளோரிடா ஆய்வாளர்கள் காட்டினார்கள். கோடையில் 30 டிகிரிக்கு மேல் போனால் லைக்கோப்பீன் உருவாவதே தடைப்பட்டுப் பழம் மஞ்சளாகவே நின்றுவிடும். ஆகவே காற்றோட்டமான நிழலில், ஒன்றின் மேல் ஒன்று குவிக்காமல் பரப்பி வைப்பதே உத்தமம்.

கடைசியாக, பிராஜெக்ட் செய்யும் மாணவச் செல்வங்களுக்கு. சந்தைக்குப் போய் அழுகிய தக்காளி வாங்கி வந்து, உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் வளர்த்து, "அஸ்பெர்ஜில்லஸ் நைகர் வந்தது, ரைசோபஸ் வந்தது" என்று பட்டியல் போட்டு முடிக்கும் ஆய்வேடுகள் எல்லாக் கல்லூரி நூலகத்திலும் உண்டு. அகாரில் வந்ததெல்லாம் அழுகலுக்குக் காரணம் ஆகாது. காற்றில் மிதக்கும் வித்தும் வளரும். பழத்தின் மேல்தோலைக் கிருமி நீக்கிவிட்டு, அழுகலும் நல்ல சதையும் சேரும் ஓரத்திலிருந்து எடுங்கள். தனிமைப்படுத்தியதை நல்ல பழத்தில் திரும்ப ஏற்றி, அதே நோய் வருகிறதா, அதே பூஞ்சை மறுபடி கிடைக்கிறதா என்று பாருங்கள். ராபர்ட் கோக் வகுத்த விதி இன்னும் ரத்தாகவில்லை.

சத்தை அளக்கும்போதும் ஒரு பொறி இருக்கிறது. அழுகிய பழத்தில் புரதம் கூடியது என்று முடிவு வந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். கெல்டால் முறை அளப்பது நைட்ரஜனை. அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்கிறோம். பூஞ்சையின் சுவரில் உள்ள கைட்டினிலும் நைட்ரஜன் உண்டு. தக்காளியின் சர்க்கரை செலவாகிவிட்டதால் மிச்சத்தில் பங்கும் பெருகித் தெரியும். அது தக்காளியின் புரதம் அல்ல, விருந்தாளியின் உடம்பு. அதேபோல் தண்ணீர் வற்றிய பழத்தையும் வற்றாத பழத்தையும் ஒப்பிடும்போது உலர் எடைக் கணக்கில் ஒப்பிடுங்கள். வைட்டமின் சி-க்கு டைகுளோரோபினால் இண்டோபினால் சாயம், புளிப்புக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு, ஒரு பியூரெட், பொறுமை, இவ்வளவு போதும். நம் ஊர் மார்க்கெட்டில் காலைப் பெட்டி, மத்தியான வண்டி, சாயந்திரக் கூறு என மூன்று வேளையும் எடுத்து, உடைந்தது தனியாக, பூசணம் பிடித்தது தனியாக அளந்து பாருங்கள். எந்த நேரம் வரை உடைந்த பழத்தை நம்பி வாங்கலாம் என்று ஒரு கூலித் தொழிலாளிக்குச் சொல்லக்கூடிய விடை அதிலிருந்து வரும். அந்த விடையைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி மார்க்கெட் வாசலில் ஒட்டுங்கள். ஆய்வேடு நூலகத்தில் இருக்கட்டும், விடை சந்தையில் இருக்க வேண்டும். செலவுக்குப் பழைய மாணவர்கள் நாங்கள் இருக்கிறோம் என்று, சங்கத் தலைவரைக் கேட்காமலேயே இந்த மேடையில் சொல்லிவிடுகிறேன்.